தாய் இறாலும் ஒரு நோட்டுப் புத்தகமும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன சில தகவல்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

இங்கே இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணி. சிங்கப்பூர், மலேசிய நண்பர்களுக்கு இரவு பத்து. டொரன்டோவில் இருப்பவர்கள் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருப்பீர்கள். நான் நேற்றிரவு வார்டில் பணி முடித்து வந்தவள். நடுவில் கொட்டாவி விட்டால் உங்கள் மேல் வந்த சலிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

இறால் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் நடக்கும் என் சிறுகதையைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். கடிதங்களில் பாதி, கதையில் வரும் கண் அறுக்கும் காட்சி உண்மையா என்று கேட்டன. ஒரு வாசகர் மட்டும் வேறொன்று கேட்டார்: "ஒரே தொட்டி, ஒரே தீனி, ஒரே தண்ணீர். அப்படியிருக்க ஒரு இறால் வாரம் தவறாமல் முட்டையிடுகிறது, பக்கத்து இறால் ஒருமுறைகூட இடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது கதைக்காகச் செய்ததா, நிஜமா?" நிஜம்தான். ஏன் அப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். நான் மீன்வள விஞ்ஞானி அல்ல. செவிலியத்திலும் பேறுகாலப் பணியிலும் பட்டயம் வாங்கி, பல வருடம் பிரசவ அறையில் நின்றவள். என் அண்ணன் பொரிப்பகத் தொழிலாளி. கடலறிவு அவனிடம் கற்றது, மீதி படித்துத் தெரிந்துகொண்டது.

மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கடலை ஒட்டி நீண்ட கூரைகள், மதில், உள்ளே பெரிய குழாய்கள். அவற்றில் பல இறால் பொரிப்பகங்கள். அண்ணன் அப்படி ஒன்றில் தாய் இறால் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 2012-இல் ஊருக்குப் போயிருந்தபோது ஒருநாள் மாலை என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். வாசலில் காலைக் கழுவி, மருந்துத் தண்ணீரில் நனைத்து, கைகளையும் கழுவ வேண்டும். அறுவை அரங்குக்குள் நுழைகிற மாதிரிதான். உள்ளே இருட்டு. கறுப்புத் துணித் திரை, வட்டத் தொட்டிகள், காற்று குமிழியிடும் சத்தம். பேசுவதென்றால் மெதுவாகப் பேசு என்று சொன்னான்.

டார்ச்சைத் தண்ணீருக்கு மேல் சாய்த்துப் பிடித்தான். இறால்களின் கண்கள் நெருப்புப் பொறியாக மின்னின. ஒவ்வொரு பெண் இறாலின் கண்காம்பிலும் எண் பொறித்த ஒரு சின்ன வளையம் இருந்தது. பிரசவ வார்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் மணிக்கட்டில் கட்டுகிற அட்டை எனக்கு ஞாபகம் வந்தது. வளையம் ஒரு கண்ணில்தான். இன்னொரு கண் இருந்த இடத்தில் ஆறிப்போன மொட்டைக் காம்பு.

அண்ணன் கையில் நீள நோட்டு ஒன்று. எந்த எண் இறால் எந்தத் தேதியில் சினையானது, எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தான். சில எண்களுக்கு நேரே வரிசையாகக் குறிகள். சில எண்களுக்கு நேரே வெறும் வெள்ளை. "இந்த இருபத்தேழாம் நம்பரப் பாரு பாப்பா. வந்து ரெண்டு மாசமாச்சு. ஒரு முட்ட போடல. சும்மா தின்னுட்டுக் கெடக்கு" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் அதே வாக்கியத்தை ஒரு மனுஷியைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இறால் எப்படி முட்டையிடுகிறது என்று பார்ப்போம். இன்று உலகில் பண்ணைகளில் வளர்வதில் பெரும்பகுதி வனாமி எனப்படும் வெள்ளைக்கால் இறால். மெக்சிகோவின் சொனோராவிலிருந்து பெருவின் வடக்கு வரை நீளும் பசிபிக் கரை அதன் தாய்வீடு. இந்தியாவில் முன்பு வளர்த்தது நம் கடலின் டைகர் இறால். 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகளை வாரிக்கொண்டு போனது. 2009-இல் வனாமி வளர்ப்புக்கு அரசு பரவலாக அனுமதி தந்தது. குறிப்பிட்ட நோய்கள் இல்லை என்று சோதித்த தாய் இறால்கள் ஹவாய் போன்ற இடங்களிலிருந்து விமானத்தில் வருகின்றன. சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தி வைத்துப் பார்த்த பிறகே பொரிப்பகங்களுக்குப் போகின்றன. விசா, மருத்துவப் பரிசோதனை, தனிமை அறை என்று நாம் கடந்து வந்த அத்தனையையும் இவையும் கடந்து வருகின்றன என்று அண்ணன் சிரிப்பான்.

பெண் இறாலின் சினைப்பை முதுகுப் பக்கம் தலையிலிருந்து வால் வரை ஓடுகிறது. ஓடு கண்ணாடி மாதிரி என்பதால் டார்ச் அடித்தாலே தெரியும். வெறுமையாக இருந்தால் ஒன்றும் தெரியாது. முதிர்ந்துவிட்டால் வனாமிக்கு முதுகில் ஆரஞ்சு நிறப் பட்டை, டைகருக்குக் கரும்பச்சை. ஸ்கேன் இயந்திரம் தேவையில்லாத கர்ப்பிணிகள். முதிர்ந்த பெண்ணை ஆண் விரட்டிப் பிடித்து, ஒரு விந்துப் பொதியைக் கால்களுக்கு நடுவே ஒட்டிவிடும். சில மணி நேரத்தில், நள்ளிரவை ஒட்டி, பெண் நீந்திக்கொண்டே முட்டைகளை நீரில் விடுகிறது. விந்தும் முட்டையும் உடலுக்கு வெளியே, தண்ணீரில்தான் சேர்கின்றன. வனாமி ஒரு தடவைக்கு ஒரு லட்சம் முதல் இரண்டரை லட்சம் முட்டை வரை விடும். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் அளவு. ஏறக்குறைய பதினைந்து மணி நேரத்தில் பொரித்துவிடும். முதல் பருவக் குஞ்சுக்கு வாய் வேலை செய்யாது. தாய் முட்டைக்குள் வைத்துக் கொடுத்த மஞ்சள்கருவைத் தின்றே அது இரண்டு நாள் போல ஓட்ட வேண்டும்.

நன்னீர் இறால் முட்டைகளை வயிற்றுக் கால்களில் சுமந்து அடைகாக்கும். நண்டும் அப்படியே. வனாமி, டைகர் போன்ற கடல் இறால் சுமப்பதில்லை, காப்பதில்லை. அது பிள்ளைக்குக் கொடுக்கிற சீதனம் முழுவதும் முட்டைக்குள் வைக்கிற கொழுப்பும் புரதமும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

இப்போது அண்ணனுடைய நோட்டுக்கு வருவோம். எந்தப் பொரிப்பகத்து நோட்டைத் திறந்தாலும் இதே சித்திரம்தான். தொட்டியில் இருக்கும் பெண்களில் ஒரு சிறு பகுதிதான் திரும்பத் திரும்ப முட்டையிட்டு, பெரும்பகுதிக் குஞ்சுகளைக் கொடுக்கிறது. நடுவில் ஒரு கூட்டம் எப்போதாவது இடும். மிச்சம் இருப்பவை கடைசிவரை இடுவதே இல்லை. ஏன்?

முதல் காரணம் கண்ணில் இருக்கிறது. இறாலின் கண்காம்புக்குள் எக்ஸ் உறுப்பு என்றும் சைனஸ் சுரப்பி என்றும் பெயருள்ள ஒரு சிறு கூட்டணி உண்டு. சினைப்பை வளர்வதைத் தடுத்து வைக்கும் ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. தடுப்பது கெடுதல் என்று எண்ண வேண்டாம். உணவு குறைவு, தண்ணீர் சரியில்லை, இடம் புதிது, இப்போது பிள்ளை வேண்டாம் என்று உடல் எடுக்கிற முடிவு அது. அடைத்து வைத்த தொட்டியில் பல பெண்களுக்கு இந்தத் தடை தளர்வதே இல்லை.

பனூஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1943-இல் ஓர் இறால் வகையின் கண்காம்பை நீக்கிப் பார்த்தார். சினைப்பை வேகமாக வளர்ந்தது. 1970-களில் பண்ணை இறால்களில் இந்த வித்தையைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒரு கண்ணை மட்டும் நீக்குவார்கள், கிள்ளியோ, சூடு வைத்தோ, நூலால் இறுகக் கட்டியோ. சில நாட்களிலேயே பல பெண்கள் சினையாகிவிடும். இறால் தொழில் உலகம் முழுவதும் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில் இந்த ஒரு செயலுக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் வாங்கும் உறைந்த இறால் பொட்டலத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு ஒற்றைக்கண் தாய் இருந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் கவனியுங்கள். கண்ணை நீக்கினாலும் எல்லாப் பெண்ணும் இடுவதில்லை. இருபத்தேழாம் நம்பருக்கும் ஒரு கண் இல்லை. தடையை எடுத்தால் மட்டும் போதாது. கதவு திறந்திருந்தாலும் வீட்டுக்குள் அரிசி இருந்தால்தான் சோறு.

அந்த அரிசிதான் இரண்டாவது காரணம். ஒரு தடவை முட்டையிடுவது என்பது உடலின் சேமிப்பில் ஒரு பெரிய பங்கை ஒரே இரவில் தண்ணீரில் விடுவது. இந்தச் சேமிப்பு ஈரலும் கணையமும் சேர்ந்த மாதிரியான ஓர் உறுப்பில் இருக்கிறது. சினைப்பை வளரும்போது அங்கிருந்து கொழுப்பு கிளம்பி முட்டைக்குப் போகிறது. சேமிப்பை விரைவில் நிரப்பிக்கொள்கிற பெண்தான் அடுத்த முறைக்குத் தயாராகும். அதனால்தான் தாய் இறால்களுக்குக் கணவாய், மட்டி, கடற்புழு என்று விருந்து வைக்கிறார்கள். அதிலும் கடற்புழுவுக்கு ஒரு தனி மதிப்பு. அதில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு நிறைய. அந்த அமிலத்திலிருந்து உடல் புராஸ்டகிளாண்டின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. இறாலின் சினை முதிர்வில் அதற்குப் பங்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிரசவ வலி வராத தாய்மார்களுக்கு நாங்கள் வைக்கிற ஜெல்லும் புராஸ்டகிளாண்டின்தான். எத்தனை இரவு அந்த ஊசிக்குழாயைக் கையில் பிடித்திருக்கிறேன்! அதே வேதிப்பொருள் குடும்பம் அங்கே ஒரு கடற்புழுவின் வயிற்றில் இருக்கிறது. ஆனால் உயிருள்ள புழு நோயையும் கூடவே கொண்டுவரலாம். சத்தா, பாதுகாப்பா என்ற இந்தத் தராசைப் பொரிப்பகக்காரர்கள் தினமும் பிடிக்கிறார்கள்.

மூன்றாவது, பெண் எங்கே பிறந்தது, என்ன வயது, எந்த நிலையில் இருக்கிறது என்பது. டைகர் இறாலில் இது பளிச்சென்று தெரியும். கடலில் பிடித்த தாய் நன்றாக முட்டையிடும். குளத்தில் வளர்ந்த பெண் அந்த அளவுக்கு இடாது. அதனால்தான் டைகர் காலத்தில் சினையுள்ள ஒரு கடல் இறாலுக்கு ஆயிரக்கணக்கில் விலை கொடுத்தார்கள். பெரிய உடம்புக்கு ஒரு தடவை இடும் முட்டை அதிகம். ஆனால் பெரிய உடம்புக்காரி அடிக்கடி இடுவாள் என்று பொருளில்லை. இன்னொன்று, இறால் வளர வளரச் சட்டை கழற்ற வேண்டும். புது ஓடு செய்யவும் சேமிப்பு தேவை, முட்டைக்கும் சேமிப்பு தேவை. ஒரே சம்பளத்தில் வீட்டுக் கடனும் கட்டி ஊருக்கும் பணம் அனுப்புகிறவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. கண்காம்பை நீக்கும்போது சட்டை கழற்றுவதைத் தடுக்கும் ஹார்மோனும் சேர்ந்தே குறைகிறது. அப்போது இரண்டு செலவும் அடிக்கடி வருகின்றன. கண் போன பெண்கள் சில மாதங்களிலேயே ஓய்ந்துபோவதற்கு இதுவும் காரணம்.

நான்காவது, சூழல். தண்ணீர் 27, 28 டிகிரி வெப்பத்தில், கடலின் உப்போடு, அசையாத தரத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் மங்கல். நடமாட்டம் குறைவு. பயந்த பெண் சினையாவதில்லை. சினையானதும் அதைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்வதும் உண்டு. முதுகில் நேற்று இருந்த ஆரஞ்சுப் பட்டை இன்று காணாமல் போயிருக்கும்.

ஐந்தாவது காரணத்தைச் சொல்லும்முன், வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அண்ணியின் அனுமதி வாங்கிவிட்டேன். "பேர மட்டும் சொல்லாத, மத்தபடி சொல்லு" என்றார்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. அண்ணி போகாத ஆஸ்பத்திரி இல்லை. குழாய் அடைப்பு பார்க்கும் படம், ஊசி, மாத்திரை, உபவாச ஜெபம், வேளாங்கண்ணி நடைப்பயணம். எங்கள் சபையில் பிள்ளை ஞானஸ்நானம் நடக்கும் ஞாயிறுகளில் அண்ணி பின் வரிசையில் உட்கார்வார். சொந்தக்காரர்கள் அந்தச் சொல்லை அவர் காதுபடவே சொன்னார்கள். அம்மா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அம்மா சொன்னது, "சும்மா தின்னுட்டுக் கெடக்கா." நான் பிரசவ அறையில் வேலை செய்கிறவள். புருஷனையும் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது என்று பரீட்சையில் எழுதியவள் நான். ஆனால் என் அண்ணனிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது வருடம் வரவில்லை. நான் இன்று பேச ஒத்துக்கொண்டதற்கு அந்தக் குற்ற உணர்வும் ஒரு காரணம்.

நான் பொரிப்பகத்துக்குப் போய்வந்த சில வாரத்தில் அங்கே ஒரு சிக்கல். பெண்கள் முட்டையிட்டன, முட்டைகள் பொரிக்கவில்லை. முதலாளி பெண்களை மாற்றச் சொன்னார். புதுப் பெண்கள் வந்தும் அதே கதை. பிறகு வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்தார்கள். அவர் வந்ததும் பெண்களைப் பார்க்கவில்லை. "ஆண் தொட்டி எது?" என்று கேட்டார். விந்துப் பொதிகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். உயிரணுக்கள் குறைவு. சிலவற்றின் விந்துப்பை கறுத்தே போயிருந்தது. அந்தத் தொட்டியில் வெப்பம் பல வாரமாக ஏறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆண் வனாமிகளை 32 டிகிரியில் வைத்தால் விந்தின் தரம் சரிகிறது என்பது சோதனைகளில் காட்டப்பட்ட ஒன்று. அடைபட்ட ஆண்களுக்கு விந்துப்பை கறுத்துப்போவதும் நன்கு தெரிந்த நோய்தான்.

இதுதான் ஐந்தாவது காரணம். வனாமியின் விந்துப் பொதி வெளியேதான் ஒட்டியிருக்கும். எளிதில் விழுந்துவிடும். ஒட்டாவிட்டாலும் விழுந்துவிட்டாலும்கூடப் பெண் முட்டையிட்டுவிடும், வெறும் முட்டை. டைகரில் பெண் சட்டை கழற்றிய மென்மையான நேரத்தில் ஆண் கொடுப்பதை உள்ளே பூட்டி வைத்துக்கொள்ளும். அடுத்த சட்டை கழற்றும்போது அதுவும் ஓட்டோடு போய்விடும். எதுவானாலும் நோட்டில் பெண்ணின் எண்ணுக்கு நேரேதான் பூஜ்யம் விழுகிறது. ஆணுக்கு வளையமும் இல்லை, நோட்டில் பக்கமும் இல்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அந்தத் தொட்டிகளுக்கு அது அப்படியே பொருந்தும்.

அன்றிரவு அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை என்று அண்ணி பிறகு சொன்னார். மறுவாரம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான். "பாப்பா, ஆம்பளைக்குப் பாக்குற டெஸ்ட் எங்க எடுப்பாங்க?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். நான் எங்கே, எப்படி என்று சொன்னேன். முடிவு வந்தது. குறை அவன் பக்கம்.

அவன் அந்தத் தாளை அம்மா கையில் கொடுத்தான். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவனே வாசித்துக் காட்டினான். அதற்குப் பிறகு அம்மா அண்ணியைப் பற்றி அப்படிப் பேசியதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மறுநாள் மீன் குழம்பில் தலைத்துண்டை எடுத்து அண்ணி தட்டில் வைத்தாராம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பெண்களை இறாலோடு ஒப்பிட வரவில்லை. இறாலை முட்டைக் கணக்கில் அளக்கலாம், அது அந்தத் தொழில். மனுஷியை அப்படி அளக்கக் கூடாது. எனக்கு உறைத்தது வேறு. நஷ்டம் வந்தபோது இறாலுக்குத் தண்ணீர், தீனி, வெப்பம், ஆண் என்று வரிசையாக எல்லாவற்றையும் சோதித்தார்கள். என் அண்ணிக்கு ஒன்பது வருடமாக யாரும் அதைச் செய்யவில்லை, செவிலியான நான் உட்பட.

மீதிக் காரணத்தையும் முடித்துவிடுகிறேன். ஆறாவது, பரம்பரை. மெக்சிகோவின் லா பாஸ் நகரில் அனா இபார்ரா, இலி ரகோட்டா, எலேனா பலாசியோஸ் ஆகியோரும் அவர்களோடு இருந்தவர்களும் வனாமித் தாய்களை வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பலமுறை இடும் பெண்ணுக்கும் இடாத பெண்ணுக்கும் உடலுக்குள் என்ன வேறுபாடு, முட்டைக்குள் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு மஞ்சள்கருப் புரதம் என்றெல்லாம் அளந்தார்கள். பலமுறை இடும் திறன் ஓரளவு தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. அப்படியானால் நன்றாக இடும் தாய்களின் மகள்களையே தேர்ந்தெடுத்துக்கொண்டு போனால் கண்ணை அறுக்க வேண்டிய தேவையே குறையலாம்.

ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சில பெண்கள்தான் பெரும்பகுதிக் குஞ்சுகளைக் கொடுக்கின்றன என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் ஒரு குளத்தில் வளரும் லட்சக்கணக்கான இறால்கள் ஒரு சில தாய்களின் பிள்ளைகள், அக்கா தங்கைகள். அவற்றிலிருந்தே அடுத்த தலைமுறைத் தாய்களை எடுத்தால் இரத்தம் நெருங்கிப்போகும், வளர்ச்சியும் எதிர்ப்புச் சக்தியும் குறையும். அதனால் நல்ல இனவிருத்தி நிலையங்கள் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, எந்தக் குடும்பத்தை எதோடு சேர்க்கலாம் என்று வம்சாவளி பார்த்தே சேர்க்கின்றன. அதிகம் இடாத குடும்பத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிடுவதில்லை. நோயைத் தாங்கும் குணம் அதில் இருக்கலாம்.

எண்ணிக்கை மட்டுமே தரம் ஆகிவிடாது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வணிகப் பொரிப்பகத்தோடு சேர்ந்து, கண் அறுக்காத வனாமித் தாய்களை அறுத்தவற்றோடு ஒப்பிட்டு 2019-இல் எழுதினார்கள். அறுக்காத பெண்கள் அடிக்கடி இடுவதில்லை. ஆனால் எண்ணிக்கையையும் பராமரிப்பையும் சரிசெய்தால் வணிக அளவிலேயே ஈடுகட்ட முடியும் என்று காட்டினார்கள். அடுத்து வந்த ஆய்வில், இரு கண்ணும் உள்ள தாய்களின் குஞ்சுகள் நோய்க்கிருமிச் சோதனையில் கூடுதலாகப் பிழைத்தன. சேமிப்பு நிரம்புவதற்கு நேரம் கிடைத்த தாய், பிள்ளைக்கு நல்ல சீதனம் கொடுத்து அனுப்புகிறாள் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

நான் வாழும் நாட்டிலும் இது பேச்சாகியிருக்கிறது. ஜொனாதன் பர்ச் தலைமையில் லண்டன் பொருளியல் பள்ளி 2021-இல் ஓர் அறிக்கை தந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்து, நண்டு, இறால் போன்றவற்றுக்கும் கணவாய் இனத்துக்கும் நோவு உணரும் தன்மை உண்டு என்று கொள்வதற்கு வலுவான சான்று இருக்கிறது என்றது. கண்காம்பு நீக்கம் துன்பம் தருகிறது என்பதையும் சொன்னது. 2022-இல் வந்த விலங்கு நலச் சட்டம் இவற்றையும் உணர்வுள்ள உயிர்கள் என்று ஏற்றது. அந்தச் சட்டம் மரக்காணத்தில் நடப்பதைத் தடுக்காது. ஆனால் இங்கே கடைகளில் வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால் அங்கே தொட்டிக்குள் மாறும். கண் அறுக்காத தாயின் குஞ்சா என்று கேட்பது வாங்குகிற நம் கையில் இருக்கிறது. இறால் தொக்கை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நானே விடவில்லை.

அந்த வாசகரின் கேள்விக்குச் சுருக்கமான பதில் இது: ஒரே தொட்டி என்பது நமக்குத் தெரிவது. பெண் இறாலுக்கு அது ஒரே தொட்டி அல்ல. ஒவ்வொன்றும் தன் பரம்பரை, தன் சேமிப்பு, தன் பயம், தனக்கு வாய்த்த ஆண் எல்லாவற்றோடும்தான் அந்த நீரில் இருக்கிறது.

இருபத்தேழாம் நம்பர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கதையில் அதைக் கடலில் விட்டேன். நிஜத்தில் அப்படி விடுவதில்லை, விடவும் கூடாது. அயல்நாட்டு இனம், நோய் ஆபத்து. இடாத தாயைக் கழித்துவிடுவார்கள். அதுவும் அப்படித்தான் போனது.

அண்ணன் அண்ணிக்குப் பிள்ளை இல்லை. சிகிச்சை போதும் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அண்ணி இப்போது அதே பொரிப்பகத்தில் குஞ்சுகளுக்கு உணவாகும் பாசி வளர்க்கும் அறையில் வேலை பார்க்கிறார். போன வருடம் போயிருந்தபோது தாய் இறால் அறையின் புது நோட்டைக் காட்டினார். பெண்ணின் எண், தேதி, முட்டை, பொரித்தது என்ற பழைய கட்டங்களுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் கூடியிருந்தது. ஒன்றில் தண்ணீரின் வெப்பம். இன்னொன்றில் "ஆண் பார்த்த தேதி". அண்ணனின் கையெழுத்து.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பதில் தெரியாதவற்றை அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன். இரவு அவன் போன் எடுக்க மாட்டான், முட்டையிடும் நேரம்.